வழக்காடிய பாட்டி

சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்ந்த குடும்பங்களுக்குச் சரித்திரம் கிடையாது. இதைச் சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் உண்மை அதுதான். அண்ணனும் தம்பியும் ஒற்றுமையாக ஒரே அடுப்பில் பொங்கித் தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தால், அவர்கள் இருந்தார்கள் என்று சொல்ல மூன்றாம் தலைமுறையில் ஆள் இருப்பதில்லை. அதே அண்ணன் தம்பிகள் ஒரு தென்னை மரத்துக்காகவோ, ஒரு வாய்க்கால் தண்ணீருக்காகவோ கோர்ட்டுப் படி ஏறியிருக்கட்டும். அவர்களுடைய பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜீவனம், குடியிருந்த கிராமம், யார் யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், யார் எப்போது இறந்தார் என்பதெல்லாம் முத்திரைக் காகிதத்தில் ஏறி உட்கார்ந்துவிடும்.

வடக்கே ஹரித்துவாரத்திலும் கயையிலும் பண்டாக்கள் யாத்திரிகர்களின் வம்சாவளியை நீண்ட கணக்குப் புஸ்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில், பாட்டன் பூட்டனைத் தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்கிற இடங்களில் ஒன்று அந்தந்த ஊர்க் கோர்ட்டு. உயில், சொத்துப் பிரிவினை, அநாதைக் குழந்தைக்குக் கார்டியன் நியமனம் எல்லாம் அங்கே பைண்டு புஸ்தகங்களில் இருக்கின்றன. நமக்கும் அப்படி ஒரு பொக்கிஷம் உண்டு. நாம்தான் அந்தப் பக்கம் போவதில்லை. கோர்ட்டு என்றாலே தலையைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போகிறவர்கள் அல்லவா நாம்?

கோர்ட்டுக்கு உறவுமுறையில் இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்கலாம். சொத்து யாருக்கு என்று தீர்மானிக்க வேண்டுமானால் யாருக்கு யார் என்ன முறை என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் பாகப் பிரிவினை வழக்கின் பிராதில் வம்சாவளி அட்டவணை ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், தகராறு பிறப்பதற்கு முன்னால் செத்துப்போன ஒருவர் உறவுமுறையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனதைக்கூடச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது. 2024 ஜூலையில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் இந்த ஏற்பாடு மாறவில்லை. பாட்டி சொன்ன கதைக்குச் சட்டம் மரியாதை கொடுக்கிற இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பெரிய இடத்து வழக்குகளை எல்லோரும் அறிவார்கள். சிவகங்கை ஜமீன் வழக்கு, 1829இல் ஜமீன்தார் இறந்ததில் கிளம்பி, கோர்ட்டுக் கோர்ட்டாக ஏறி, 1863இல் லண்டனில் பிரிவி கவுன்ஸிலில் போய்த்தான் ஓய்ந்தது. ராமநாதபுரத்து ராணி தத்து எடுத்தது செல்லுமா என்ற வழக்கு 1868இல் அதே இடத்தில் முடிந்தது. அந்த அரண்மனைகளில் யார் யாருடன் பேசவில்லை என்பது முதற்கொண்டு நமக்குத் தெரிந்திருப்பது அந்த வழக்குகளால்தான். நான் சொல்ல வந்தது அரண்மனை விவகாரம் அல்ல. நாலு காணி நிலமும் ஒரு கிணறும் வைத்திருந்த சாதாரணக் குடும்பத்து விவகாரம்.

நாங்கள் இருப்பது தாம்பரத்துக்குத் தெற்கே. ஒரு காலத்தில் ஏரியும் நஞ்செயும் பனந்தோப்புமாக இருந்த பிரதேசம். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் வந்தது. 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அதற்குப் பிறகு வீடுகள் வந்தன. வீடுகளுக்குப் பின்னால் அடுக்கு மாடிகள் வந்தன. 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் திறந்ததும் வண்டலூருக்கு அப்பால் இருக்கிற கட்டாந்தரைக்குக்கூட ராஜ மரியாதை வந்துவிட்டது.

நிலத்துக்கு மரியாதை வந்தால் காகிதத்துக்கும் வரும். எங்கள் பங்குக்கு மிஞ்சியிருந்த ஒரு துண்டு மனையை விற்பதாக ஏற்பாடு. வாங்குகிறவருடைய வக்கீல் மூலப் பத்திரம் கேட்டார். அப்பா காலத்துத் தகரப் பெட்டியைத் திறந்து, அந்துருண்டை நாற்றத்தோடு பத்திரங்களை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, 1934ஆம் வருஷத்துப் பாகப் பத்திரத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இது என்ன சார்? இந்தச் சொத்து 1929ஆம் வருஷத்து ஒரு வழக்கின் ஜீவனாம்ச டிக்ரிக்கு உட்பட்டது என்று போட்டிருக்கிறதே. வாதி யார்?”

எனக்குத் தெரியவில்லை. அப்பா எழுதி வைத்த வம்சாவளியை எடுத்துப் பார்த்தேன். கொள்ளுத் தாத்தா, அவருக்கு ஒரு தம்பி, தம்பி பெயருக்கு எதிரே ‘சந்ததி இல்லை’ என்ற இரண்டு சொற்கள். அவ்வளவுதான். அந்தத் தாளில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. எங்கள் வம்சத்தில் ஆண்கள் ஆண்களுக்கே பிறந்து வந்தார்கள் போலும்!

வக்கீலுக்கு அந்த வரியால் இடைஞ்சல் ஒன்றும் இல்லை. ஜீவனாம்சம் வாங்குகிறவர் இறந்தால் அந்தப் பொறுப்பும் தீர்ந்துவிடும் என்று சொல்லி அடுத்த பத்திரத்துக்குப் போய்விட்டார். எனக்குத்தான் மனம் அங்கேயே நின்றுவிட்டது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வேறென்ன வேலை?

பழைய வழக்கைத் தேடுகிறவர்களுக்கு அனுபவத்தில் கண்ட சில குறிப்புகளை இங்கே சொல்லிவிடுகிறேன். முதலில் வேண்டியது வழக்கு நம்பரும் வருஷமும். பெயரைச் சொல்லித் தேடுவது வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவதுதான். நம்பர் பெரும்பாலும் கோர்ட்டில் கிடைக்காது, வீட்டில்தான் கிடைக்கும். பாகப் பத்திரம், விடுதலைப் பத்திரம், அடமானப் பத்திரம் ஆகியவற்றின் முன்னுரை வரிகளில் அது ஒளிந்துகொண்டிருக்கும். வீட்டில் இல்லாவிட்டால் பதிவு ஆபீசில் பத்திர நகலுக்கு மனுப் போடலாம். கம்ப்யூட்டரில் வில்லங்கம் பார்க்கிற வசதி இப்போது வந்திருக்கிறது. ஆனால் அது கொள்ளுத் தாத்தா காலம் வரைக்கும் போகாது. அதற்குப் புஸ்தகத்தைக் கையால் புரட்டித்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது, எந்தக் கோர்ட்டு என்பது. 1802இல் கும்பெனியார் ஜில்லாக் கோர்ட்டுகளை ஏற்படுத்தினார்கள். 1816இல் முனிசீப்புகள் வந்தார்கள். 1873ஆம் வருஷத்துச் சட்டம் இன்றைக்கிருக்கிற அமைப்புக்கு அஸ்திவாரம் போட்டது. கிராமம் ஒன்றாகவே இருக்கும். அது எந்தக் கோர்ட்டின் எல்லையில் இருந்தது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கும். செங்கற்பட்டு ஜில்லா 1997இல் இரண்டாயிற்று. 2019இல் செங்கற்பட்டு மறுபடியும் தன் பெயரிலேயே ஒரு ஜில்லாவைப் பெற்றது. வழக்கு நடந்த காலத்தில் எல்லை எதுவோ அதைத்தான் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, வருஷக் கணக்கு. பத்திரத்தில் பசலி போட்டிருந்தால் அதோடு 590ஐக் கூட்டுங்கள். பசலி 1339 என்றால் 1929 ஜூலையிலிருந்து 1930 ஜூன் வரை. தமிழ் வருஷம் போட்டிருந்தால் ஜாக்கிரதை வேண்டும். சுக்கில வருஷம் 1929இல் பிறந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் 1869இலும் ஒரு சுக்கிலம் பிறந்திருக்கிறது. தகப்பனையும் பேரனையும் ஒருவராக்கிவிடும் இந்த அறுபது வருஷச் சக்கரம்.

நான்காவது, எல்லாம் கிடைத்துவிடும் என்று ஆசைப்படக் கூடாது. பழைய காகிதங்களைக் கழிப்பதற்கென்றே 1917இல் ஒரு சட்டம் வந்தது. தீர்ப்பையும் டிக்ரியையும் பத்திரப்படுத்துவார்கள். வக்காலத்து, சம்மன், சாட்சிப் பட்டியல் போன்றவற்றுக்குக் கெடு முடிந்ததும் நெருப்போ கறையானோ கதி. வழக்கில் கட்சிக்காரர் அல்லாதவர் நகல் கேட்டால் எதற்காக என்று பிரமாணப் பத்திரம் வைக்கவேண்டும். ‘என் பாட்டியின் பெயரைத் தெரிந்துகொள்வதற்காக’ என்று நான் எழுதியதைப் படித்துவிட்டுக் குமாஸ்தா என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் முத்திரை குத்தினார்.

சில வாரங்கள் சென்று தீர்ப்பின் நகல் கைக்கு வந்தது. இங்கிலீஷில் பதினோரு பக்கம். கல்லூரியைப் பாதியில் விட்டவனானாலும் அந்த இங்கிலீஷ் எனக்குக் கஷ்டமாக இல்லை. முனிசீப்பு நல்ல கதாசிரியர். வீண் வார்த்தை கிடையாது.

முதல் பக்கத்திலேயே அவள் இருந்தாள். பெயர், வயது இருபத்து மூன்று, விதவை. கொள்ளுத் தாத்தாவின் தம்பி மனைவி. முதல் பிரதிவாதி கொள்ளுத் தாத்தா.

அந்தக் காலத்து இந்து தர்ம சாஸ்திரச் சட்டப்படி, பிரியாத குடும்பத்தில் ஒருவன் இறந்தால் அவன் பங்கு மிச்சமுள்ள ஆண்களுக்குப் போய்விடும். விதவைக்குச் சோறும் துணியும்தான் பாத்தியதை. 1937இல்தான் கணவன் பங்கில் ஆயுட்கால உரிமை என்று ஒரு சட்டம் வந்தது. முழு உரிமை 1956இல். பெண்களுக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் ஆண்களோடு சமபங்கு, நமது மாகாணத்தில் 1989இல்; தேசம் முழுவதற்கும் 2005இல். அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போன 1929இல் இதில் ஒன்றுமே கிடையாது. கோர்ட்டுக் கட்டணம் கட்ட வழியில்லாமல் ஏழை வழக்காக அனுமதி கேட்டிருக்கிறாள். அப்படிக் கேட்கிறவர்கள் தங்களிடமுள்ள சொத்தையெல்லாம் ஜாபிதா போட்டுக் காட்டவேண்டும். அவளுடைய ஜாபிதாவைத் தீர்ப்பு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டது: பித்தளைக் குடம் ஒன்று, செம்பு ஒன்று, மரப்பெட்டி ஒன்று, மதிப்பு ஆறு ரூபாய்.

அதற்கு எங்கள் கொள்ளுத் தாத்தா கொடுத்த பதிலையும் படித்தேன். வாதிக்குப் போஷிப்பு இல்லை என்பது பொய், அவள் தானாகவே வீட்டைவிட்டுப் போனாள், நடத்தை சரியில்லை, ஆகையால் ஜீவனாம்சம் கேட்கப் பாத்தியதை இல்லை. இன்னும் ஒரு படி மேலே போய், அவளுக்கும் குடும்பத்துக்கும் சம்பந்தமே அற்றுவிட்டது என்றும் எழுதியிருந்தார்.

இந்த இடத்தில் நகலைக் கீழே வைத்துவிட்டேன். கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படத்தை நிமிர்ந்து பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கோர்ட்டுக் காகிதம் படிக்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் கட்டாயம் வரும். அப்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிராதும் எதிருரையும் சத்தியங்கள் அல்ல. அவை வக்கீல் எழுதிக் கொடுத்துக் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டவை. அன்றைய சட்டத்தில், விதவையின் ஜீவனாம்சத்தைத் தட்டுவதற்கு இருந்த பெரிய ஆயுதம் நடத்தைப் பழிதான். ஆயுதம் இருந்தது, எடுத்தார்கள். அதற்காக எடுத்த கை சுத்தமாகிவிடாது. ஆனால் அந்த வரியை வைத்து அவளை எடை போடுகிறவனும் ஏமாந்து போவான்.

முனிசீப்பு ஏமாறவில்லை. வழக்குப் போடுகிற வரையில் யாரும் சொல்லாத அபவாதம், வழக்குப் போட்ட பிறகு முளைத்திருக்கிறது என்று கண்டார். அவர் நம்பியது வாதி தரப்பின் மூன்றாவது சாட்சியை. அந்தச் சாட்சி யார் என்கிறீர்கள்? எங்கள் நிலத்திலேயே வேலை செய்த பண்ணையாள், சேரிக்காரர். ஒரு மழைக்கால இரவில் அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அவளுடைய மரப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு ரயிலடி வரைக்கும் கொண்டு விட்டவரும் அவரே. இதைக் கோர்ட்டில் வந்து, எஜமானர் எதிரே நின்றுகொண்டு சொல்லியிருக்கிறார். குறுக்கு விசாரணையில், ‘இதைச் சொல்வதால் உனக்கு என்ன லாபம்?’ என்று கேட்டதற்கு, ‘நஷ்டந்தான் சாமி’ என்ற பொருள்பட அவர் சொன்ன பதிலை முனிசீப்பு மறக்காமல் தீர்ப்பில் சேர்த்திருக்கிறார்.

1931இல் டிக்ரி ஆயிற்று. மாதம் பத்து ரூபாய்; நிலத்தின் பேரில் பொறுப்பு.

தீர்ப்பை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பாவின் அக்கா, 1938இல் பிறந்தவள். குரோம்பேட்டையில் மகனோடு இருக்கிறாள். காது மந்தம், ஞாபகம் கூர்மை. இதையெல்லாம் இந்த வயதில் அவளிடம் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசனை. மெதுவாக ஆரம்பித்தேன்.

“அத்தை, உங்கள் தாத்தாவுக்குத் தம்பி ஒருவர் இருந்தாராமே?”

“இருந்தாராம். வாந்திபேதியிலே போயிட்டார்னு சொல்லுவாங்க.”

“அவர் சம்சாரம்?”

“காசிக்குப் போயிட்டான்னு சொல்லுவாங்க. ஏண்டா?”

நகலைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கோர்ட்டுப் பணம்!” என்றாள்.

“என்ன அத்தை?”

“மாசா மாசம் தாத்தா பத்து ரூபாய் மணியார்டர் அனுப்புவார். கோர்ட்டுப் பணம், கோர்ட்டுப் பணம்னு முணுமுணுத்துக்கிட்டே போவார். நான் அதையும் கிஸ்தி மாதிரி ஏதோ சர்க்கார் வரின்னுல்ல நெனைச்சுக்கிட்டிருந்தேன்? நான் வயசுக்கு வந்த வருஷம் ஒரு தரம் அந்தப் பணம் திரும்பி வந்துடுச்சு. தபால்காரர் திண்ணையிலே உட்கார்ந்து ஏதோ சொன்னார். தாத்தா அப்படியே எழுந்து கொல்லைப் பக்கம் போனார். உச்சி வெயில். சாப்பிட்டாச்சு. கிணத்தடியிலே குடம் குடமா இறைச்சுத் தலையிலே ஊத்திக்கிட்டார். ஏன் தாத்தா இந்த வேளையிலே குளிக்கிறீங்கன்னு கேட்டேன். பாட்டி என் வாயைப் பொத்திட்டா.”

எனக்குப் புரிந்தது, அத்தைக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். சாவுச் செய்தி கேட்டுத் தலை முழுகுவது பங்காளித் தீட்டு உள்ளவர்கள் செய்கிற காரியம். சம்பந்தமே அற்றுவிட்டது என்று கோர்ட்டில் கையெழுத்துப் போட்டவர், இருபது வருஷம் கழித்து, ஒருவரும் கேட்காமல், அவள் எங்கள் குடும்பத்து மனுஷிதான் என்று கிணற்றடியில் ஒப்புக்கொண்டுவிட்டார். இந்தச் சாட்சியம் எந்த ரிகார்டிலும் ஏறவில்லை. தீர்ப்பின் நகல் இல்லாவிட்டால் அத்தையின் ஞாபகத்துக்கு அர்த்தம் இல்லை. அத்தை இல்லாவிட்டால் நகல் பாதி உண்மையோடு நின்றிருக்கும்.

அத்தை, “அவ பேரை எழுதுடா” என்றாள். அப்பாவின் வம்சாவளித் தாளில், ‘சந்ததி இல்லை’ என்ற சொற்களுக்குப் பக்கத்தில் எழுதினேன். இந்தப் பத்திரிகையில் எழுதப் போவதில்லை. அவளைப் பற்றிச் சொல்லப்பட்ட பழியும் கூடவே அச்சேறுமே! பெயர் எங்கே விட்டுப்போயிற்றோ அங்கே சேர்ந்துவிட்டது, அது போதும்.

மூன்றாவது சாட்சியைப் பற்றித்தான் மனம் ஆறவில்லை. வாதியின் வம்சாவளி கோர்ட்டில் இருக்கிறது. பிரதிவாதியின் வம்சாவளியும் இருக்கிறது. அவருக்கு ஒரு பெயரும் ஒரு வயதும்தான். செங்கற்பட்டுச் சீமையில் நிலத்தைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். 1767இலிருந்து பர்னார்டு என்ற வெள்ளைக்காரர் கிராமம் கிராமமாக அளந்தார். எல்லீஸ் துரை 1818இல் மிராசு பாத்தியதையைப் பற்றி ஒரு புஸ்தகமே போட்டார். மிராசுதாரர்களுக்கு எத்தனை பங்கு என்பது அதிலெல்லாம் இருக்கிறது. அந்தப் பங்கில் உழுதவர்களின் நிலைமையைக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிக் காட்டியதும், அதை ஒட்டிச் சர்க்கார் தரிசு நிலத்தில் அவர்களுக்கும் ஒதுக்க 1892இல் உத்தரவு பிறந்ததும் அதற்குப் பிற்பாடு. சொத்து இருந்தால்தான் வழக்கு. வழக்கு இருந்தால்தான் வம்சாவளி. நிலமில்லாதவர்களுக்குப் பிறருடைய வழக்கில் சாட்சிக் கூண்டு மட்டுமே மிச்சம். அதில் ஏறி நின்று ஒருவர் நிஜத்தைச் சொன்னதால் எங்கள் குடும்பத்து ஸ்திரீ ஒருத்தி இருபது வருஷம் சாப்பிட்டாள். அவருடைய பேரன் பேத்திகள் இந்தப் பக்கத்தில் எங்கேயாவது இருப்பார்கள். அவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் பிரதி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். விசாரித்துக்கொண்டும் இருக்கிறேன்.

வீட்டில் தகரப் பெட்டி இருப்பவர்கள் தயவுசெய்து அதைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் திறந்து பாருங்கள். அதைவிட முக்கியம், எண்பது வயதுக்கு மேற்பட்டவர் வீட்டில் இருந்தால், காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் போய்க் கேளுங்கள். காகிதம் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கும், அவர் பொறுக்கமாட்டார்.

இன்னொரு வார்த்தை. தாம்பரத்துக் கோர்ட்டு வாசலில் இன்றைக்கும் அண்ணன் தம்பிகளும் புருஷன் மனைவிகளும் வக்கீலைச் சூழ்ந்து நிற்கிறார்கள். ‘எதிர்க்கட்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் காரமாகப் போடுங்கள் சார்’ என்று கேட்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்கட்டும். நூறு வருஷம் கழித்து ஒரு பேத்தி வருவாள்; நகல் மனுப் போடுவாள்; அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.